அழுகைக்கு மூன்று நிமிடம் முன்

என் மகனை நான் முதலில் ஒரு நீர்மூழ்கி மோட்டாராகத்தான் புரிந்துகொண்டேன்.

இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. வேறு எதையும் எனக்குப் புரிந்துகொள்ளத் தெரியாது. கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறக்கிய மோட்டாரை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. அது எரிந்துபோன பிறகு மேலே தூக்கினால் விவசாயிக்குச் செலவு, கம்பெனிக்கு வசவு. அதனால் அது கெடுவதற்கு முன்பே, அதன் அதிர்வை வைத்து, சுழலும் தண்டைத் தாங்கும் எந்தப் பேரிங் எப்போது போகும் என்று சொல்ல வேண்டும். சத்தம் போடுகிற மோட்டார் எங்கள் பார்வையில் ஏற்கெனவே கைவிடப்பட்ட மோட்டார். எங்கள் கூடத்தில் ஒரு மோட்டார் அலறினால் நாங்கள் அதைப் பார்ப்பதில்லை, அதற்குப் பொறுப்பானவரைத்தான் பார்ப்போம்.

பேச்சும் எனக்குக் குறைவு. தாரணியைப் பெண் பார்க்கப் போனபோது தனியாகப் பேசிவிட்டு வரச் சொல்லி எங்களை மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். நான் தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். நெடுநேரம் கழித்து அவள்தான், "ஏனுங்க, மோட்டார் போடச் சொல்லட்டுங்களா?" என்றாள். அந்தக் கேலியை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நல்லவேளையாக அது சம்மதமாகவும் இருந்தது.

அதியன் பிறந்தான். அழுதான். பிறகும் அழுதான். அவன் அழும்போதெல்லாம் எனக்குள் யாரோ ஒரு விவசாயி மண்வெட்டியோடு எழுந்து நின்று திட்டினார். கையிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டு ஓடுவேன். பசியா, ஈரமா, வயிற்றுவலியா என்று எதுவும் புரியாது. ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்போம். அது எனக்கு அவமானமாக இருந்தது. தொண்ணூறு மீட்டர் ஆழத்தில் சுற்றும் தண்டின் மனசு தெரிந்தவனுக்கு, கைக்கெட்டும் தொட்டிலில் கிடப்பவனின் மனசு தெரியவில்லை.

அப்போதுதான் அலமாரியைக் குடைந்தேன். தாரணியின் பழைய கைப்பேசி, திரை சிலந்திவலையாக விரிசல் விட்டது. என்னுடைய பழையது, ஸ்பீக்கர் போனது, அது பேசாது, நாம் பேசுவதைக் கேட்க மட்டும் செய்யும். (தாரணி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்களை மாதிரியே" என்றாள்.) திறந்தால் மூடாத, மூடினால் திறக்காத ஒரு மடிக்கணினி. சோதனைக்கூடத்தில் கழித்துப் போட்டிருந்த அதிர்வுமானி ஒன்றை மேலாளரிடம் கேட்டு வாங்கி வந்தேன். எல்லாவற்றையும் வீட்டுக் கூடத்துத் தரையில் பரப்பி உட்கார்ந்தேன்.

"என்னத்தைப் பண்றீங்க?"

"பேபி மானிட்டர்."

"கடையில விக்குதில்லீங்க?"

"அது அழுத பிறகு சொல்லும். இது அழுவறதுக்கு முன்னாலேயே சொல்லும்."

"முன்னால எதுக்குச் சொல்லோணும்?"

தொழில் தெரியாதவர்களின் கேள்வி என்று மன்னித்து, பொறுமையாக விளக்கினேன். "தொட்டில் ஸ்பிரிங்குல தொங்குதில்ல? அவன் கால் உதைச்சா, வயிறு இறுகுனா, மூச்சு மாறுனா, எல்லாமே ஸ்பிரிங் வழியா மேல வருது. கொக்கியில அதிர்வுமானி. பக்கத்துல ஒரு போன் பார்க்கும், ஒரு போன் கேக்கும். பசி வர்றப்ப ஒரு மாதிரி அசையறான், நனைஞ்சா வேற மாதிரி. கொஞ்ச நாள் பார்த்துட்டே இருந்தா புரோகிராம் தானாக் கத்துக்கும். அப்புறம் அவனுக்கே தெரியறதுக்கு முன்னால நமக்குத் தெரிஞ்சிடும்."

அவள் தொட்டிலையும் என்னையும் பார்த்தாள். "எம்பட புள்ளைக்கு எத்தனை ஹெச்.பி.ங்க?"

நான் சிரிக்கவில்லை. உதையின் வேகமும் எடையும் தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாமே என்று ஒரு கணம் உண்மையாகவே யோசித்தேன்.

கருவி கற்றுக்கொண்டது. முதலில் தும்மலைப் பசி என்றது, விக்கலை ஈரம் என்றது. ஒவ்வொரு தவறையும் நான் திருத்தினேன். ஒரு நாள் காலையில் எங்கள் இருவர் கைப்பேசியிலும் ஒரே நேரத்தில் வந்தது: 'பசி. மூன்று நிமிடம்.' தொட்டிலில் அவன் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். தாரணி நம்பிக்கையில்லாமல் போய் உட்கார்ந்தாள். அவன் கண்ணைத் திறந்தான், உதட்டைக் குவித்தான், முகத்தைச் சுருக்க ஆரம்பித்தான். வாயில் பால் இருந்தது. சுருக்கம் பாதியிலேயே நின்றுபோனது.

"அடேயப்பா," என்றாள் தாரணி. என் வாழ்க்கையில் அவள் அப்படிச் சொன்ன ஒரே சந்தர்ப்பம் அது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அழுகை இல்லை. 'ஈரம். இரண்டு நிமிடம்.' போய் மாற்றினோம். 'தூக்கம். நான்கு நிமிடம்.' பழைய காரின் வைப்பர் மோட்டாரை மாட்டித் தொட்டிலைத் தானே ஆடவைத்தேன். பார்க்க வந்த உறவினர்கள் "தங்கமான புள்ளை" என்றார்கள். நான் மீண்டும் புத்தகம் படித்தேன். அமைதி திரும்பிவிட்டது என்று நினைத்தேன். அது என்ன அமைதி என்று யோசிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அமைதி என்றால் எல்லாம் எனக்கு ஒன்றுதான்.

கீழ்வீட்டுக் கோமதி அக்கா ஒரு நாள் ஏறிவந்தார். அவருக்கு அதியனைவிட ஒரு மாதம் சின்னவளாக ஒரு பெண் குழந்தை, மகிழினி. "தம்பி, உங்க வீட்டுல குழந்தை இருக்கறதே தெரியறதில்லை. எங்க ஊட்டுல மைக்செட்டு கட்டுன மாதிரி இருக்குது. எனக்கும் ஒண்ணு பண்ணிக் கொடுங்க சாமி," என்றார். பண்ணிக் கொடுத்தேன். அவரைப் பார்த்து எதிர்வீடு, அதைப் பார்த்து மூன்றாம் மாடி. அலமாரிக்குள் செத்துக் கிடந்த கைப்பேசிகள் குடியிருப்பு முழுக்க உயிர்த்தெழுந்தன. சில மாதங்களில் எங்கள் கட்டடத்தில் எந்தக் குழந்தையும் அழுவதில்லை என்றாகிவிட்டது. குடியிருப்போர் சங்கத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். ஏற்புரை ஆற்றச் சொன்னார்கள். ஒலிவாங்கி முன் நான் அமைதியாக நின்றதை அவர்கள் கருவியின் செயல்விளக்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

தாரணிதான் முதலில் ஏதோ சொன்னாள். அவள் வங்கி வேலைக்குத் திரும்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பால் கொடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "இவன் என்னைக் கூப்பிட்டதே இல்லீங்க," என்றாள்.

"இன்னும் பேச்சு வரலையே."

"பேச்சைச் சொல்லலை."

நான் காத்திருந்தேன். அவள் மேலே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கைப்பேசியில் 'ஈரம்' வந்ததும் இருவரும் நிம்மதியாக எழுந்தோம்.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு டாக்டர் ஜைனபிடம் போனோம். வரிசையில் இருந்த அத்தனை குழந்தைகளும் ஊசியைப் பார்த்ததுமே கூரையைப் பிளந்தன. அதியன் அவர்களை ஏதோ புதுவகைப் பறவைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அவன் முறை வந்தது. ஊசி இறங்கியது. உடம்பு விறைத்தது, கண்ணில் நீர் நிறைந்தது, வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தபடி இருந்தான்.

"கெட்டிக்காரன்," என்றார் நர்ஸ்.

டாக்டர் அவன் காதுக்குப் பின்னால் ஒரு மணியை ஆட்டினார், திரும்பினான். நாடி பார்த்தார். "வலி நல்லாவே தெரியுது இவனுக்கு. கடைசியா எப்ப அழுதான்?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு நான் கருவியைப் பற்றிச் சொன்னேன். வழக்கத்தைவிட அதிகமாகவே பேசினேன், வரைபடம்கூடப் போட்டுக் காட்டினேன். டாக்டர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். மௌனங்களைப் பற்றி எனக்கு அவ்வளவு ஞானம்.

"பூபதி சார், குழந்தை முதல்ல கத்துக்கற விஷயம் என்ன தெரியுமா? நான் அழுதா யாராவது வருவாங்க. இவன் கத்துக்கிட்டது வேற. எனக்கு ஏதாவது ஆனா, யாராவது வந்துக்கிட்டே இருப்பாங்க. நான் செய்யறதுக்கு ஒண்ணுமில்லை. சரி. வராத எடத்துல என்ன பண்ணுவான்?"

"அடுத்த மாசம் காப்பகத்துல விடறோம் டாக்டர். அங்கயும் ஒண்ணு மாட்டிடலாம்."

அவர் என்னையே பார்த்தார். "அப்புறம் பள்ளிக்கூடத்துல?"

நான் மனசுக்குள் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை அதிர்வுமானி வேண்டும் என்று கணக்குப் போடத் தொடங்கியிருந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

காப்பகத்தில் கருவி மாட்ட வழியில்லை. அங்கே தொட்டிலே கிடையாது, தரையில் பாய். ஒத்திகைக்காக ஒரு பகல் மட்டும் விட்டுப் பார்க்கச் சொன்னார்கள். விட்டுவிட்டு வாசலிலேயே வண்டியில் உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து ஏதேதோ குழந்தைகளின் அழுகை வந்தது. ஒவ்வொன்றுக்கும் தாரணி எழுந்தாள், எழுந்து, "இது நம்முளது இல்லை," என்று உட்கார்ந்தாள். நம்முடையது எப்படி இருக்கும் என்று எங்களுக்கே மறந்துபோயிருந்தது என்பது அப்போது உறைக்கவில்லை.

மதியம் ஆயா அவனைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தார். "அம்மணி, இந்த மாதிரிப் புள்ளைய நான் பார்த்ததே இல்லீங்க. ஒரு சத்தம் இல்லை. படுத்த எடத்துலேயே படுத்துக்கிட்டு மேலேயே பார்த்துட்டு இருந்தானுங்க. ஃபேன்னா ரொம்பப் புடிக்கும் போல."

வீட்டில் கால்சட்டையைக் கழற்றிய தாரணி கத்தினாள். தொடை முழுக்கச் சிவப்புத் தடிப்புகள். மடிப்புக்குள் இரண்டு கட்டெறும்புகள் இன்னும் உயிரோடு இருந்தன. ஒன்று இரண்டு கடியில்லை. வெகுநேரம் கடித்திருந்தன. அவன் எங்களை அமைதியாகப் பார்த்தான். பிறகு தொட்டில் கொக்கிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த, விரிசல் விட்ட அந்தக் கைப்பேசியைப் பார்த்தான்.

அவனுக்கு மின்விசிறி பிடிக்காது. காப்பகத்தில் அவன் மேலே தேடியது வேறொன்றை.

தாரணி எண்ணெய் தடவினாள். "மருந்து போட்டு முடிச்சதும் அதைக் கழட்டுங்க," என்றாள். "நாளைக்கு இல்லை. இப்ப."

கழற்றினேன். மடிக்கணினி மூட மறுத்ததால் மின்கலத்தை உருவினேன். வைப்பர் மோட்டாரைப் பிரித்தேன். கொக்கியிலிருந்து இறங்கும் என்னை அதியன் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தான்.

காத்திருப்பது என்று முடிவு செய்தோம். பசிக்கும், அழுவான், அப்போது கொடுப்பது. டாக்டர் தொலைபேசியில் அதைத்தான் சொன்னார், ரொம்ப நேரம் விடவேண்டாம் என்றும் சொன்னார். மாலை வெயில் கூடத்துக்குள் வந்து தொட்டில் சேலையில் விழுந்தது. நானும் தாரணியும் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தோம். அவன் தொட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். உதட்டைக் குவித்தான். சப்புக்கொட்டினான். காத்திருந்தான்.

வாழ்நாள் முழுக்க நான் அமைதிக்கு ஆசைப்பட்டவன். அன்று அது வந்து என் நெஞ்சின்மேல் உட்கார்ந்துகொண்டது.

"அவனுக்கு அழுகைன்னா என்னன்னே மறந்துபோச்சோ என்னமோ," என்றாள் தாரணி. "நம்ம வீட்டுல யாராச்சும் அழுது பார்த்திருக்கானா? இந்தக் கட்டடத்துல ஒண்ணாவது அழுதாத்தானே?"

"நான் அழுது காட்டட்டுமா?"

"நீங்களா?"

எழுந்து தொட்டிலுக்கு எதிரே நின்றேன். தொண்டையைச் செருமினேன். முகத்தைக் கோணலாக்கி, "ங்ஙே…" என்று ஆரம்பித்தேன். அதியன் ஆர்வமாகப் பார்த்தான். இன்னும் சத்தமாக முயன்றேன். அவன் ஈறு தெரியச் சிரித்தான்.

"ஏனுங்க, அது அழுகையா? பேரிங் போன மாதிரி இருக்குது," என்றாள் தாரணி. சிரிக்கவும் சிரித்தாள். சிரித்து முடித்ததும், "நெசமா எப்பங்க கடைசியா அழுதீங்க?" என்று கேட்டாள்.

யோசித்தேன். எங்கள் அப்பா போனபோது பந்தல், ஐஸ் பெட்டி, யாருக்குச் சொல்ல வேண்டும், யார் எந்த வண்டியில் வருவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

"ஞாபகமில்லை."

"உங்களுக்கும் சின்ன வயசுல மேல ஏதாவது மாட்டிவெச்சிருந்தாங்களா?"

நான் தொட்டில் கொக்கியைப் பார்த்தேன். மார்பை அழுத்திக்கொண்டு குனிந்தாள். "பால் கட்டிக்கிட்டு உயிர் போகுது. இவனுக்குப் பசிக்குதுன்னு எனக்கு எப்பவும் இதுதான் சொல்லும், உங்க போன் சொல்றதுக்கு முன்னாடியே. ஒரு நாளாச்சும் அவனே கூப்பிடட்டும்னு பார்ப்பேன். அதுக்குள்ள மூணு நிமிசம்னு வந்துடும். நான் ஒண்ணும் அம்மா இல்லீங்க. ஷிஃப்டுல நிக்கற ஆளு. உங்க கம்பெனியில இருக்கற மாதிரி."

"ஏன் சொல்லலை?"

"நீங்க ஏன் கேக்கலை?"

அவள் குரல் உடைந்தது. முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. தலையைச் சுவரில் சாய்த்து, மூக்கு ஒழுக, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் அழுதாள். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன். பிடித்த கை சரியாகப் பிடிக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. அவள் உதறவில்லை.

தொட்டில் அசைந்தது. அதியன் கூரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டான். சேலை விளிம்புக்கு மேலே அவன் முகம் வந்தது. தன் அம்மாவைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். புருவம் சேர்ந்தது, கீழுதடு வெளியே பிதுங்கியது, முகம் மெதுவாகச் சுருங்கியது. பாதியில் நிறுத்த யாரும் போகவில்லை. அது தன் போக்கில் முழுதாகச் சுருங்கி முடிந்தபோது, உள்ளேயிருந்து ஒரு கரகரப்பு வந்தது, துருப்பிடித்த குழாயில் தண்ணீர் வருவதற்கு முன் காற்று வருமே அப்படி. அடுத்து வந்தது அழுகை.

இத்தனை மாதத்துக்கும் சேர்த்து அழுதான். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.

தாரணி பாய்ந்து தூக்கி மார்போடு அணைத்தாள். பால் கொடுத்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் அழுதான். துணி மாற்றினோம். அழுதான். எறும்புக் கடிக்கு மறுபடி எண்ணெய் தடவினோம். அழுதான். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்க் கைப்பேசியை எடுத்தது. திரையில் எதுவுமில்லை. எதற்காக அழுகிறான் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

"ஒருவேளை பசியே இல்லாம இருக்கும்," என்றேன்.

"இருக்கும்."

"நீ அழுததால அழுவறானோ?"

"இருக்குமுங்க. சித்த வாங்கிக்குங்க, கை வலிக்குது."

வாங்கினேன். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். அவன் வாய் என் காதருகில் இருந்தது. அந்தச் சத்தம் என் மண்டைக்குள் போய், அங்கே வெகுகாலமாக உட்கார்ந்திருந்த யாரையோ எழுப்பிவிட்டது. என் கன்னம் நனைந்திருந்தது. அவனுடையதா என்று துடைத்துப் பார்த்தேன். துடைக்கத் துடைக்க வந்தது. தாரணி பார்த்தாள். முந்தானையை நீட்டினாள்.

அப்போது கீழ்மாடியிலிருந்து இன்னொரு அழுகை கேட்டது. கைப்பேசி அடித்தது. கோமதி அக்கா.

"தம்பி! உங்க மெஷின் கெட்டுப்போச்சு! ஒரு முன்னறிவிப்பும் இல்லை. நல்லா விளையாடிட்டு இருந்தவ, மேல ஏதோ சத்தம் கேட்டு அப்படியே வீல்னு கத்த ஆரம்பிச்சுட்டா. எதுக்குன்னு போன்ல ஒண்ணும் போடலையே தம்பி, நான் இப்ப என்னத்தைப் பண்ணட்டும்?"

எதிர்வீட்டிலிருந்து மூன்றாவது குரல் எழுந்தது. அதியன் சட்டென்று நிறுத்தினான். என் தோளிலிருந்து தலையைத் தூக்கினான். வாய் திறந்தபடியே இருந்தது. தரைக்கு அடியிலிருந்தும் சுவருக்கு அப்பாலிருந்தும் தன்னைப்போல யாரோ இருப்பதை முதல்முறையாகக் கேட்டான். கன்னத்தில் நீர் காயவில்லை. ஒரு மூச்சு இழுத்துக்கொண்டான்.

பிறகு அவர்களுக்குப் பதில் சொன்னான், முன்னைவிடச் சத்தமாக.

"தம்பி, கேக்குதா? லைன்ல இருக்கீங்களா? இப்ப என்ன பண்றது, சொல்லுங்க!"

"தெரியலீங்கக்கா," என்றேன், கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "தூக்கிட்டு நடங்க. நாங்களும் நடந்துட்டுதான் இருக்கறோம்."